தப்பியோட ஒரு ஓட்டோ

கடல் ஊருக்குள் வந்து திரும்பிப் போன மூன்றாம் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, தோமஸ் தன் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டான். வீடு என்பது முள்ளியவளைப் பக்கம் நிவாரணக்காரர் அடித்துத் தந்த தகரக் கொட்டில். சட்டம் என்பது இவ்வளவுதான்: இனி இந்த வீட்டில் ஆரும் கடல் என்ற சொல்லை எடுக்கக் கூடாது.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மார்கிறட் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப கடலைப் பருப்பை என்னெண்டு சொல்லுறது?"

"பருப்பெண்டு சொல்லு. காணும்."

"பருப்பெண்டால் மைசூர்ப் பருப்பெல்லோ?"

"மார்கிறட், நான் பகிடி விடேல்லை."

அவன் பகிடி விடவில்லை என்று அவளுக்குத் தெரியும். பகிடி விடுகிற தோமஸ் அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமையோடு போய்விட்டான். நத்தாருக்கு மறுநாள். மார்கிறட்டின் தமக்கை வீட்டுக்கென்று குடும்பமாக முள்ளியவளைக்கு வந்திருந்தார்கள். வந்த கையோடு படகு எஞ்சினையும் திருத்தக் கொடுத்துவிடலாம் என்று தோமஸ் அதையும் தூக்கி வந்திருந்தான். அவனுடைய தம்பி யூட்சன் மட்டும் கரையில் நின்றான். "நீங்கள் போங்கோ அண்ணை, வலையை நான் பாக்கிறன்" என்றான். அவனை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். மற்றவர்களோடு சேர்த்துப் புதைத்தார்கள். எங்கே புதைத்தார்கள் என்று தோமஸ் ஒருவரிடமும் கேட்கவில்லை.

வீடும் படகும் வலையும் போய்விட்டன. மிஞ்சியது திருத்தக் கொடுத்த எஞ்சின். பதினைந்து குதிரை வலு. கொட்டில் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தது. அயலில் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் திரும்பவும் கரைக்குப் போகத் தொடங்கினார்கள். ஒரு நிறுவனம் வந்து படகு தருகிறோம் என்றது. தோமஸ் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கதிரையைக் கிழக்குக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். விடிந்தால் அதில். பொழுதுபட்டால் அதில். சூரியன் உதிப்பதைக்கூட அவன் பார்ப்பதில்லை. அது வருகிற பக்கம் அப்படி.

சட்டம் போட்ட மறுநாள் அவன் எஞ்சினை ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனான். பின்னேரம் திரும்பி வந்தபோது எஞ்சின் இல்லை. ஒரு ஓட்டோ இருந்தது.

அது பச்சையாக இருந்திருக்க வேண்டும். கூரைச் சீலை கிழிந்து தொங்கியது. முன் வெளிச்சம் இரண்டில் ஒன்று எரியும், அதுவும் பள்ளத்தில் விழுந்தால்தான். அது முற்றத்துக்குள் வந்த சத்தத்தில் அடைகிடந்த கோழி எழும்பி ஓடி, பிறகு அந்த முட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"வீரையாவின்ர ஓட்டோ," என்றான் தோமஸ். "அவற்ற மருமகனுக்கு எஞ்சின் தேவையாம். மாத்தீட்டன்."

மார்கிறட் ஓட்டோவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பதினைஞ்சு குதிரையைக் குடுத்திட்டு மூண்டு சில்லு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்."

"நாலு. பின்னால ஒண்டு மேலதிகமாக் கிடக்கு."

"அதுக்குக் காத்தில்லை."

"அடிக்கலாம்."

"சவாரி ஓடப் போறியளே?"

"சவாரியோ? இது குடும்ப ஓட்டோ." தோமஸ் கன நாளைக்குப் பிறகு நிமிர்ந்து நின்றான். "வடிவாக் கேள். தண்ணி வருதெண்டு சத்தம் கேட்டால் இரண்டு நிமிசத்தில நீ, நான், இரண்டு பெட்டையள், நாலு பேரும் உள்ள. சாமான் சட்டு எல்லாம் முதலே அதுக்குள்ள அடுக்கிக் கிடக்கும். எடுத்தன் ஓட்டம், ஒட்டுசுட்டானுக்கு. அங்கயும் நிக்கிறேல்லை. இதை எங்கட அளவுக்கு மாத்தி அடிக்க வேணும். அடிச்சு முடிஞ்ச உடன தர்மபுரம் போறம்."

"தர்மபுரத்தில ஆர் இருக்கினம்?"

"பொன்னையாண்ணை. காணித்துண்டு தாறனெண்டவர். கச்சான் போடலாம்."

கச்சான் என்றால் நிலக்கடலை. கடற்கரைச் சனத்துக்கு அது ஒரு காற்றின் பெயரும்கூட.

"உங்களுக்குக் கச்சான் அடிச்சால் தெரியும்," என்றாள் மார்கிறட். "கச்சான் விதைச்சால் தெரியுமே?"

தோமஸ் குனிந்து சில்லைத் தட்டிப் பார்த்தான். மூத்தவள் நிறஞ்சனா கொட்டில் வாசலில் நின்று தாயின் முகத்தைப் பார்த்தாள். சின்னவள் சின்னி ஏற்கெனவே ஏறி இருந்து கைபிடியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மார்கிறட் இப்போது கத்துவாள், பானை பறக்கும், தமக்கையைக் கூப்பிடுவாள் என்று தோமஸ் எதிர்பார்த்தான். அவள் பிறந்து வளர்ந்தது கரையில். அவளுடைய தாயும் தகப்பனும் கிடக்கிற மண் அங்கே. தர்மபுரம் என்றால் அங்கிருந்து ஒரு நாள் தூரம். ஆனால் அவள் கூரைச் சீலையைத் தடவிப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டாள்:

"அடிச்சு முடிக்க எத்தினை நாள் செல்லும்?"

"ஒரு கிழமை."

"அவசரப்படாதையுங்கோ. தப்புறதெண்டால் ஒழுங்காத் தப்ப வேணும்."

கலியாணம் முடித்துப் பதினாறு வருடத்தில் அவள் அவனுடைய யோசனை ஒன்றை முதல் தரத்திலேயே ஒத்துக்கொண்டது இதுதான். தோமஸ் அதற்குச் சந்தோசப்பட்டான். சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

*

பிரதான வீதியில் ராஜரத்தினத்தின் இரும்பு ஒட்டுவேலைக் கடை இருந்தது. ராஜரத்தினம் குறைவாகப் பேசுகிற மனிதர். முகத்தில் எந்த நேரமும் கறுப்புக் கண்ணாடி; அதனால் அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று ஒருவருக்கும் தெரியாது.

தோமஸ் சீமெந்துப் பைக் கடதாசியில் கீறிய படத்தை விரித்தான். பின் இருக்கையை ஓரத்துக்குத் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் கம்பிக் கதவு. பின்னுக்கு ஒரு பெட்டி: அதற்குள் அடையாள அட்டைகள், நிவாரணக் காட்டு என்கிற பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அரிசி.

கூட வந்த மார்கிறட் படத்தில் விரலை வைத்தாள்.

"பெட்டி சின்னன்."

"காட்டு வைக்க எவ்வளவு பெட்டி வேணும்?"

"காட்டைத் தின்னேலுமே? சோத்துப் பானை வைக்க வேணும். கறிச் சட்டி வைக்க வேணும். பெரிசா அடியுங்கோ. உள்ளுக்குத் தகரம் வேணும், தண்ணி போகாத மாதிரி."

"அது சரி," என்றான் தோமஸ். தண்ணீர் என்றால் அவனுக்கு எதுவும் சரி.

"இரட்டைச் சுவர் வைச்சு, நடுவில அந்த வெள்ளை ரெஜிபோம் மட்டை போடுங்கோ. எத்தினை மணித்தியாலம் ஓடுறமோ ஆருக்குத் தெரியும். சோறு சூடா இருக்க வேண்டாமோ?"

தோமஸ் ராஜரத்தினத்தைப் பெருமையாகப் பார்த்தான். அலை துரத்தும்போது சூடான சோறு. இப்படி யோசிக்கிற மனுசி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

"அடியில ஒரு ஓட்டை வையுங்கோ," என்றாள் மார்கிறட்.

"என்ன?"

"ஓட்டை. விரல் மொத்தத்தில. மூடியோட."

"விசரே உனக்கு? தண்ணி போகாத பெட்டிக்கு ஓட்டையோ?"

"தண்ணி வராதெண்டு போன முறையும் எல்லாரும் நினைச்சவைதானே. வந்திட்டால் பிறகு வெளியால போக வழி வேண்டாமோ?"

 தோமஸ் கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். யோசிக்க யோசிக்க அவள் சொல்வது சரியாகத்தான் பட்டது.

"ஓட்டோவுக்கு ஓட்டை ஒண்டு," என்று ராஜரத்தினம் கொப்பியில் எழுதினார். பிறகு கண்ணாடிக்குள்ளால் மார்கிறட்டைப் பார்த்து, "அக்கா, உங்களுக்குப் பெட்டி எந்த உயரத்தில வர வேணும்? குனியாமல் கை விடுற மாதிரியோ?" என்று கேட்டார்.

"ஓம், அப்பிடித்தான்."

தோமஸுக்கு அந்தக் கேள்வி நல்ல கேள்வியாகத் தெரிந்தது. தொழில் தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு கிழமை ஒரு மாதமானது. கதவு பொருத்தின அன்று மார்கிறட்டுக்குக் கூரையில் கம்பி வேண்டியிருந்தது, பாய் கட்ட. கம்பி வைத்த அன்று அந்தக் கம்பியிலிருந்து ஒரு கொழுக்கி வேண்டியிருந்தது, லாம்பு தொங்கவிட. "லாம்புக்கு இவ்வளவு மொத்தக் கொழுக்கியோ?" என்று தோமஸ் கேட்டான். "றோட்டில குலுங்கும்" என்றாள். அது போதாதென்று, பின் இருக்கைக்குப் பக்கத்தில் மடித்து விரிக்கிற ஒரு பலகை. சின்னி நித்திரையானால் கிடத்த. பாலை மரத்தில், இரண்டு அங்குல மொத்தத்தில் கேட்டாள்.

"பிள்ளை கிடக்கவோ, மாடு கிடக்கவோ?"

"வளருற பிள்ளை."

ஒவ்வொரு முறையும் தர்மபுரம் ஒரு கிழமை தள்ளிப் போனது. தோமஸ் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்கு இப்போது காலையில் எழும்ப ஒரு காரணம் இருந்தது. கதிரையில் இருக்க நேரமில்லை. ராஜரத்தினத்தின் கடையில் கம்பி பிடித்தான், அரம் போட்டான், கறுப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கித் தானும் நாலு இடத்தில் ஒட்டிப் பார்த்தான். ஒரு நாள் வீட்டுக்கு வரும்போது வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தான். மார்கிறட் அதைக் கேட்டுவிட்டு, கேட்காத மாதிரி வெங்காயம் உரித்தாள்.

*

பிறகுதான் அந்த விசில் வேலை.

ஓட்டோ கிடந்தால் மட்டும் போதாது, ஏறப் பழக வேண்டும் என்று தோமஸுக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்துக் காவலாளியிடம் ஒரு விசில் கடன் வாங்கினான். விசில் ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஏற வேண்டும். இரண்டு நிமிடம்.

முதல் நாள் ஆறு நிமிடம் எடுத்தது. எல்லோருக்கும் முதல் ஏறியது ஆடு. இரண்டாம் நாள் மார்கிறட் வந்து ஏறி, "உலை வைச்சிட்டு வந்தனான், கெதியாச் சொல்லுங்கோ, தண்ணி எவ்விடத்தில நிக்குது?" என்று கேட்டாள். நிறஞ்சனா வரவேயில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை, அயல் பார்க்க ஆட்டோடு போட்டிபோட்டு ஓட்டோவில் ஏற வெட்கப்பட்டாள்.

"உங்களுக்கு உண்மையான பயம் இல்லை," என்றான் தோமஸ். "அதுதான் சுணக்கம்."

மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, பயத்தை உண்மையாக்கலாம் என்று நினைத்தான். விசிலை ஊதிவிட்டு, நெஞ்சு வெடிக்கக் கத்தினான்.

"தண்ணி! தண்ணி வருது! ஓடுங்கோ!"

அவனுடைய கொட்டில் தனியாக இருக்கவில்லை. நாற்பது கொட்டில்கள் இருந்தன. நாற்பதிலும் இருந்தவர்கள் கரையிலிருந்து வந்தவர்கள்.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு எல்லாம் ஒன்றாக எழும்பியது. கதவுகள் அடிபட்டன. ஆட்கள் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் முகத்தில் பாதிச் சவர்க்கார நுரையோடு ஓடினார். ஒருவர் வானொலிப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மனைவியை விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து, வானொலியைப் போட்டுவிட்டு மனைவியை இழுத்துக்கொண்டு ஓடினார். தோமஸ் ஓட்டோவுக்கு மேல் ஏறி நின்று கையை ஆட்டினான். "இல்லை! பழக்கம்! சும்மா பழக்கம்!" அவன் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

அரை மைல் தள்ளி, வயல் வெளியில் வைத்துத்தான் சனம் நின்றது. ஆரோ சைக்கிளில் போய் விசயத்தைச் சொன்னார்கள். எல்லோரும் நடந்து திரும்பி வந்தார்கள். தோமஸ் பேச்சு வாங்கத் தயாராக வாசலில் நின்றான். ஒருவர் வந்து அடித்திருந்தாலும் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் எல்லோரும் அவனைப் பார்க்காமல் அவனைக் கடந்து போனார்கள்.

மூன்றாம் கொட்டில் சிவலட்சுமி மட்டும் வீதியிலேயே குந்திவிட்டாள். அவள் ஓடும்போது வழியில் நின்ற ஒரு குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு ஓடியிருந்தாள். அது அயல் வீட்டுப் பிள்ளை. மார்கழியில் அவளுடைய பிள்ளை அவள் கையிலிருந்து போனது. இப்போது தாய்க்காரி வந்து, "தாங்கோ அக்கா, ஒண்டுமில்லை, தாங்கோ" என்று கேட்க, அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கடைசியில் மார்கிறட்தான் போய்ப் பக்கத்தில் மண்ணில் இருந்து, ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். அதற்குக் கன நேரம் எடுத்தது.

தோமஸ் அன்று சாப்பிடவில்லை. விசிலைக் காவலாளியிடம் திருப்பிக் கொடுத்தான்.

"வாற மாசம் தர்மபுரம் போயிடுவம்," என்றான் பின்னேரம். "இஞ்ச இனி ஆற்ற முகத்திலயும் முழிக்க ஏலாது. மிச்ச வேலை கிடந்தால் கிடக்கட்டும்."

மார்கிறட் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவளிடம் ஒரு பதில் இருக்கும். அன்று அவளும் பயந்துபோனாள். அவனுடைய குரலில் கெஞ்சல் இருந்தது; கட்டளையாக இருந்தால் அவள் சமாளித்திருப்பாள். குழையைக் கட்டி முடித்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"நீங்கள் வீட்டில இல்லாத நேரம் தண்ணி வந்தால்?"

"என்ன?"

"நீங்கள் ராஜரத்தினத்தின்ர கடையில நிக்கிறியள் எண்டு வையுங்கோ. தண்ணி வருது. ஓட்டோ இஞ்ச நிக்குது. நாங்கள் மூண்டு பேரும் அதுக்குள்ள ஏறியிருந்து என்ன செய்யிறது? செபமாலை சொல்லுறதோ?"

தோமஸ் அவளைப் பார்த்தான்.  இவ்வளவு நாளும் இது தனக்கு ஏன் தோன்றவில்லை?

"நாளைக்கே பழக்குறன்," என்றான்.

அந்த நாட்களில் வன்னியில் பெண்கள் வாகனம் ஓடுவது ஒரு புதினமில்லை. பள்ளிக்கூட மைதானத்தில் மார்கிறட் நாலு நாளில் நேராக ஓடினாள். ஏழாம் நாள் வளைந்து ஓடினாள். பத்தாம் நாள் தோமஸ் பின்னால் இருக்க, தண்ணீரூற்றுச் சந்தி வரை போய் ஒரு மாட்டையும் இடிக்காமல் திரும்பினாள். தோமஸ் பழக்குவதில் நல்ல வாத்தியார். எத்தனையோ பேருக்குப் படகு ஓடப் பழக்கியவன். யூட்சனுக்கும் அவன்தான் பழக்கினான். 

"லைசன்ஸ் எடுக்க வேணுமாம்," என்றாள் மார்கிறட். "ஓடித் தப்புற நேரம் வழியில மறிச்சால்?"

"ஓம், எடு எடு."

எடுத்தாள்.

*

வைகாசியில் ஒரு வியாழக்கிழமை, விடிந்து வெயில் ஏறின பிறகு தோமஸ் கண் விழித்தான். கொட்டிலில் ஒருவரும் இல்லை. அடுப்பு எரியவில்லை. முற்றத்துக்கு வந்தான். ஓட்டோ இல்லை.

களவு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு பிள்ளைகளின் செருப்பும் இல்லை என்று கண்டான்.  தண்ணி வந்திருக்கிறது. அவர்கள் தப்பிவிட்டார்கள். பழக்கினபடியே, இரண்டு நிமிடத்தில். அவனை மட்டும் எழுப்ப மறந்துவிட்டார்கள்.

இது ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது. வேலிக்கு ஓடினான். சிவலட்சுமி அங்கே உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வருதோ?" என்றான். 

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் அவனோடு கதைத்தது அன்றுதான்.

"இல்லையண்ணை. ஒண்டும் வரேல்லை. மார்கிறட் அக்கா பிள்ளையளோட கரைக்குப் போயிட்டா. நீங்கள் எழும்பினால் சொல்லச் சொன்னவா."

"கரைக்கோ? கடற்கரைக்கோ?"

தான் போட்ட சட்டத்தைத் தானே முறித்தது அவனுக்குத் தெரியவில்லை. அவளுடைய புருசனின் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு மிதித்தான்.

ஐந்து மைல். நாலு மைல் வரை கோபம் மிதித்தது. மனுசிக்கு விசர், பிள்ளைகளைக் கொண்டுபோய் அதன் வாயில் கொடுக்கிறாள். பிறகு காற்று மாறியது. உப்பு மணத்தது. கால் தானாக நின்றது. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பாதை ஓரத்தில் நின்றான். திரும்பிப் போய்விடலாம். ஆனால் சின்னி அங்கே இருக்கிறாள். சின்னிக்கு நீந்தத் தெரியாது. பழக்குகிறேன் என்று சொன்னவன் யூட்சன்.

கடைசி ஒரு மைலும் நடந்தான். வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரங்கள் மட்டும் இருந்தன. ஒரு அத்திவாரத்தில் இன்னமும் அடுப்புக் கல் மூன்று இருந்தது. அவன் நிலத்தைப் பார்த்து நடந்தான். நிமிர்ந்தபோது கடல் இருந்தது. அது சும்மா கிடந்தது, ஒன்றும் செய்யாத மாதிரி.

ஓட்டோ மணல் விளிம்பில் நின்றது. சுற்றிவரச் சனம். தோமஸ் விலக்கிக்கொண்டு உள்ளே போனான்.

கொழுக்கியில் தராசு தொங்கியது. விரித்த பாலைப் பலகையில் பாரை மீன் ஒன்று துண்டுபட்டுக்கொண்டிருந்தது. பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள் புதுக்குடியிருப்பிலிருந்து வந்த ஐஸ், ஐசுக்குள் சூடை, விளைமீன். அடி ஓட்டையிலிருந்து தண்ணீர் ஒழுங்காகச் சொட்டியது. மார்கிறட் குனியாமல் கையை விட்டு மீன் எடுத்தாள். ராஜரத்தினம் உயரத்தைச் சரியாகத்தான் அளந்திருந்தார். நிறஞ்சனா வெட்கம் ஒன்றும் இல்லாமல் பை விரித்துக்கொண்டு நின்றாள். சின்னி பின் இருக்கையில் ஏறி நின்று, "சூடை, சூடை" என்று கத்தினாள்.

தோமஸ் கோபமும் வெட்கமுமாகப் பலகைக்கு முன்னால் போய் நின்றான்.

"என்னை ஏமாத்திப் போட்டாய்."

"ஓம்," என்றாள் மார்கிறட், கத்தியை நிறுத்தாமல்.

"சோறு சூடா இருக்குமெண்டாய்."

"ரெஜிபோமுக்குச் சூடும் ஒண்டுதான், குளிரும் ஒண்டுதான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அடிச்சுத் தந்திருப்பியளே?" அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கும் பயம்தான். ஒவ்வொரு வெள்ளியும் நிவாரணம் எடுக்கப் போறனெண்டு சொல்லிப்போட்டு இஞ்சதான் வாறனான். வந்து யூட்சனோட கொஞ்ச நேரம் இருந்திட்டு வாறனான். முதல் நாள் பாதி வழியில திரும்பீட்டன். இப்ப கிட்டப் போவன். ஆனால் தனிய வந்து தனிய இருந்திட்டுப் போறது, அது ஏலாமல் கிடக்கு."

தோமஸ் அலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆரோ ஒரு படகை இழுத்தார்கள். பழைய பாட்டுத்தான், ஆட்கள் குறைந்திருந்ததால் குரலும் குறைவாக இருந்தது.

"எவ்விடம்?" என்று கேட்டான்.

அவள் மீன் செதிள் ஒட்டிய கையால் காட்டினாள். தாழை மரங்களுக்கு அங்கால், சிலுவைகள் அல்ல, தடிகள் நட்டிருந்தன.

"மூண்டாம் வரிசை. நான் ஒரு சிப்பி வைச்சிருக்கிறன்."

அவன் போனான். மார்கிறட் அவன் முதுகைப் பார்த்தாள். பிறகு ஒரு பெண் இரண்டு கிலோ கேட்டதால் திரும்பினாள். அவன் திரும்பி வர ஒரு மணித்தியாலம் எடுத்தது. கண் சிவந்திருந்தது. முழங்காலில் மணல். ஆனால் வரும்போது கடலைப் பார்த்தபடி வந்தான்.

"தர்மபுரம்?" என்று கேட்டான்.

"போவமே. அங்கயும் சனம் மீன் தின்னும்தானே."

"நான் மீன் யாவாரி இல்லை, மார்கிறட். நான் பிடிச்சவன், வித்தவன் இல்லை."

"சரி, விக்க வேண்டாம்."

"ஆனால் வாகனம் நான்தான் ஓடுவன். குடும்பத் தலைவன் பின்னுக்கு இருந்து வாறதில்லை."

"லைசன்ஸ் இருக்கே?"

 இருபது வருடம் கடலில் ஓடியவனிடம் ஒருவரும் லைசன்ஸ் கேட்டதில்லை. ஓட்டோவையும் அவன் அப்படியேதான் முள்ளியவளைக்குக் கொண்டு வந்திருந்தான்.

"சந்தியில மறிக்கிறாங்கள்," என்றாள் மார்கிறட், முந்தானையில் கையைத் துடைத்து முன் இருக்கையில் ஏறிக்கொண்டே. "சைக்கிளைக் கூரைக் கம்பியில கட்டுங்கோ. அது சிவலட்சுமியின்ர."

கட்டினான். பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு ஆள் இருக்க மட்டுமட்டாக இடம் இருந்தது. மடியில் சின்னி, பக்கத்தில் நிறஞ்சனா, காலடியில் ஐஸ் தண்ணீர். ஓட்டோ உறுமிக்கொண்டு கரையை விட்டு ஏறியது.

வற்றாப்பளைப் பக்கம் ஒரு படலையில் நிறுத்தினார்கள். வீட்டுக்காரி சட்டியோடு வந்து, மீனைப் புரட்டிப் பார்த்து, பிறகு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"உது ஆர், பிள்ளை, பின்னுக்கு இருக்கிற ஆம்பிளை?"

மார்கிறட் திரும்பிப் பார்த்தாள்.

"புதுசா வந்தவர் அக்கா. இன்னும் தராசு பிடிக்கப் பழகேல்லை."